அடுத்த வீட்டுக் கிணறு

2019-ஆம் வருஷத்துக் கோடையைச் சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஒரு ரயில் வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் மனிதர்களை ஏற்றி வந்த தண்டவாளத்தில் தண்ணீர் பிரயாணம் செய்து வந்ததை ஊரே அதிசயமாகப் பேசிக்கொண்டது.

அந்தக் கோடையில்தான் நான் என் வீட்டு வாசலில் ஆழ்துளைக் கிணறு ஒன்று போட்டேன்.

மேற்கு மாம்பலத்தில் என் தகப்பனார் கட்டிய சிறிய வீடு அது. அவர் காலத்தில் கொல்லையில் ஓர் உறைக் கிணறு இருந்தது. நான் கார் வாங்கிய வருஷம், அதை நிறுத்த இடம் வேண்டுமென்று கிணற்றைத் தூர்த்துவிட்டு, வாசலிலிருந்து கொல்லை வரை சிமெண்டுத் தளம் போட்டேன். மழைக்காலத்தில் சேறு மிதிக்க வேண்டியதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் பரம திருப்தி. பிறகு அந்தக் கோடை வந்தது. குழாய் நின்றது. லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிட்டு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒருநாள் இயந்திரத்தை வரவழைத்தேன். தெருவே அதிரும்படி இரவு முழுவதும் துளைத்தார்கள். 240 அடியில் தண்ணீர் பீறிட்டது. "அனுமதியெல்லாம் வாங்க வேண்டாமா?" என்று கேட்டேன். "அதை எல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்றார் துளை போட வந்தவர். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

பதினைந்து நாள் கழித்து அடுத்த வீட்டு அம்மாள் வந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். தனியாக வசிக்கிறார். அவர் வீட்டில் இன்னமும் பழைய உறைக் கிணறும் ராட்டினமும் கயிறும் இருக்கின்றன. தமக்கு வேண்டிய நாலு குடத்தைத் தாமே இறைத்துக்கொள்வார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி" என்று தொடங்கினார். "எங்க மாமியார் காலத்திலேருந்து கயித்திலே முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டு வைக்கிற வழக்கம். கோடைன்னா நாலாவது முடிச்சு கையிலேருந்து நழுவறப்போ வாளி தண்ணியைத் தொடும். இந்த வருஷம் அஞ்சாவது. மழை இல்லே, சரி. ஆனா உங்க மோட்டார் ஓடி முடிஞ்ச பிறகு பாத்தா ஆறாவது முடிச்சுக்குப் போயிடுது. ராத்திரி விட்டு வெச்சா காலையிலே மறுபடி அஞ்சுக்கு ஏறிடுது. சும்மா சொல்லணும்னு தோணித்து. அவ்வளவுதான்."

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. மோட்டாரை நிறுத்தச் சொல்லவும் இல்லை. சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

நான் கதை எழுதிப் பிழைப்பவன். திருட்டு, துரோகம், வஞ்சகம் எல்லாவற்றையும் பற்றி எழுதியிருக்கிறேன். என் கதைகளில் ஒரு மனிதன் இன்னொருவனுக்குத் தீங்கு செய்தால், அங்கே ஒரு கை நீளும். ஒரு முகம் வாடும். யாராவது ஒருவர் பார்த்துவிடுவார்கள். இந்தத் தீங்கில் அப்படி எதுவுமே இல்லை. நான் சுவரிலிருந்த ஒரு பொத்தானை அழுத்தினேன். சுவருக்கு அப்பால் ஒரு கிழவியின் கயிறு ஒரு முழம் நீண்டது. எனக்கு அவர்மீது பகையில்லை. அவர் வீட்டு மண்ணை நான் மிதிக்கக்கூட இல்லை. நான் செய்தது தவறா, இல்லையா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வக்கீல் நண்பரிடம் இதைச் சொன்னேன். நான் பாவமன்னிப்புக் கேட்பவனைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு பேசினேனோ என்னவோ, அவர் சிரித்துவிட்டார்.

"சட்டம் உன் பக்கம்" என்றார். 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. ஒருவனுடைய நிலத்துக்கு அடியில், இன்ன வழி என்று கரை கட்டி ஓடாமல், மண்ணுக்குள் பரவிக் கிடக்கிற தண்ணீரையெல்லாம் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளவும், தன் விருப்பப்படி செலவழிக்கவும் அவனுக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பாட்டனார் முறையில் ஒரு வழக்கும் இருக்கிறது. 1843-இல் இங்கிலாந்தில் நடந்தது. பருத்தி ஆலைக்காரர் ஒருவர் தம் ஆலைக்காகக் கிணறு வெட்டி வைத்திருந்தார். பக்கத்தில் ஒருவர் தம் நிலத்தில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டினார். கிணறு வற்றிப்போயிற்று. ஆலைக்காரர் நியாயம் கேட்டார். கிடைக்கவில்லை. ஆறு கண்ணுக்கு முன்னே ஓடுகிறது. மேலே இருப்பவன் தடுத்தால் கீழே இருப்பவனுக்குத் தெரியும். பூமிக்கு அடியில் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறதென்று எந்த மனிதனுக்குத் தெரியும்? தெரியாத ஒன்றில் ஒருவனுக்கொருவன் கடமைப்பட்டவன் என்று எப்படிச் சொல்வது? நீதிபதிகளின் எண்ணம் ஏறக்குறைய இப்படித்தான் ஓடியது.

நண்பர் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் இதைச் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனையாக இருந்தது. அந்த நீதிபதிகள் நேர்மையானவர்கள். தங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அதன்மீது ஓர் உரிமையைக் கட்டினார்கள். அறியாமை அதற்கு அஸ்திவாரம். இன்று அந்த அறியாமை நமக்கு இல்லை. அஸ்திவாரம் போன பிறகும் கட்டடம் நிற்கிறதே, அதில் குடியிருப்பது நியாயந்தானா?

இன்று நமக்குத் தெரிந்ததுதான் என்ன? பூமிக்கு அடியில் ஏதோ பெரிய ஏரி ஒன்று இருக்கிறதென்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. மணலுக்கும் மணலுக்கும் இடையே உள்ள சந்திலும், பாறையின் வெடிப்பிலும் தண்ணீர் ஒண்டிக்கொண்டு கிடக்கிறது. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கெட்டியான பாறைப் பிரதேசம். மேலே சிதைந்த பாறையும் மண்ணும் ஒரு கனமான போர்வைபோல் இருக்கின்றன. நம் முன்னோர்கள் வெட்டிய கிணறுகளெல்லாம் அந்தப் போர்வைக்குள் ஊறிய நீரைத்தான் எடுத்தன. அதற்குக் கீழே வெடிப்புகள்தாம். ஆழ்துளைக் கிணறு அந்த வெடிப்பிலிருந்து உறிஞ்சும்போது, மேலே இருக்கிற நீர் அதை நிரப்ப இறங்குகிறது. பம்பு ஓடும் இடத்தைச் சுற்றி நீர்மட்டம் ஒரு புனலைப்போல் குழிகிறது. பம்பு பெரிதானால் புனலின் வாயும் அகன்றுகொண்டே போகிறது. புனலுக்குக் காம்பவுண்டுச் சுவர் தெரியாது. அடுத்த வீட்டுக் கிணறு அதன் வாய்க்குள் விழுந்தால், அங்கே கயிறு நீள்கிறது. அந்த அம்மாளின் முடிச்சுக் கணக்கு விஞ்ஞானிகள் போடும் கணக்கேதான். அவர் காகிதத்தில் போடவில்லை; கயிற்றில் போட்டிருக்கிறார்.

நிலம் நிற்கிறது, நீர் நடக்கிறது. நிற்பதற்கு எழுதிய பத்திரத்தை நடப்பதற்கும் செல்லும்படி செய்துகொண்டோம். இந்தத் தகராறு முழுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறதென்று எனக்குத் தோன்றுகிறது.

என் தெருவுக்குப் பக்கத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு வீதி இருக்கிறது. அங்கே நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் ஏரி தெரியாது. ஒரு காலத்தில் தெரிந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920-களில் தூர்த்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள். ஏரி போயிற்று, பெயர் மட்டும் பலகையில் நிற்கிறது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உண்டு என்பது கணக்கு. வயலுக்குப் பாய்ச்ச அவற்றை வெட்டியதாகத்தான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவை இன்னொரு காரியத்தையும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தன. ஓடுகிற மழையை நிற்கவைத்து மண்ணுக்குக் குடிப்பாட்டின. ஊர்க் கிணறுகளில் சித்திரை மாதத்திலும் தண்ணீர் இருந்தது அதனால்தான்.

நகரம் அந்த வாயை மூடிவிட்டது. தார், சிமெண்டு, கான்கிரீட்டு. பெய்கிற மழைக்குள்ள ஒரே வழி சாக்கடை, சாக்கடைக்கு ஒரே வழி கடல். 2015 டிசம்பரில் இதே சென்னையில் மாடியில் ஏறி நின்றுகொண்டு படகுக்காகக் கையசைத்தோம். நாலே வருஷத்தில் ரயிலில் தண்ணீர் வந்தது. மழைநீர்ச் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கி 2003-இலேயே தமிழக அரசு சட்டம் செய்திருந்தது. அடுத்து வந்த நல்ல மழைகளில் கிணறுகள் ஏறியதையும் பார்த்தோம். என் வீட்டிலும் அப்போது ஒரு குழாயைப் போட்டுக் குழியில் இறக்கியிருந்தேன். சிமெண்டுத் தளம் போட்டபோது அந்தக் குழி அதற்கு அடியில் போயிற்று. எனக்கு அது ஞாபகத்துக்கு வந்ததே அந்த அம்மாள் வந்து போன பிறகுதான். மேலே வாயை அடைத்தவனும் கீழே உறிஞ்சியவனும் ஒரே ஆள்.

நகரத்துக்காரன் தன் தெருவோடு நிற்பதில்லை. அந்தக் கோடையிலேயே ஒருநாள் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கத்துக்கு லாரி வருவது எங்கிருந்து என்று பார்க்கும் ஆவல். வயலின் நடுவே மோட்டார் கொட்டகை. வாய்க்காலுக்குப் போக வேண்டிய குழாய் வரப்பைத் தாண்டி ரோட்டோரம் வந்து நின்றது. அதன் கீழே லாரிகள் வரிசையாக நின்றன. நிலத்துக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். மரியாதையாக இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"நெல்லு போட்டா நாலு மாசம் காத்திருக்கணும் சார். மழை வந்தாலும் பயம், வராட்டாலும் பயம். லாரிக்கு விட்டா சாயங்காலமே கையிலே காசு. எம் பொண்ணு காலேஜுக்குப் போகுதுன்னா இந்தத் தண்ணியாலதான் போகுது."

"பக்கத்து நிலத்துக்காரர் கிணறு என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவரும்தான் விக்கிறாரு" என்றார்.

அவரை நான் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவர் தன் வாசலில் ஒரு குழாயை வைத்திருந்தார்; நான் என் வாசலில் ஒன்றை வைத்திருந்தேன். என் மகனின் படிப்பைப் போலத்தான் அவர் மகளின் படிப்பும். அவர் விற்பதை வாங்குகிறவன் நான். அப்படியானால், அவர் கிராமத்தில் நாளைக்கு நெல் விளையாமல் போனால் அதில் என் பங்கு எவ்வளவு?

அந்தப் பக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. சென்னையின் தாகத்துக்காக மீஞ்சூரைச் சுற்றிய ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையிலிருந்து பல பத்தாண்டுகள் நீர் இறைத்தார்கள். உழவர்களும் இறைத்தார்கள். அது கடலோர மணற்பூமி. அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் இருந்தால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு உப்பு நெருங்காமல் அது காவல் காக்கும் என்று கணக்குச் சொல்கிறது. மேலே ஓர் அடியை நாம் எடுத்தால், கீழே நாற்பது அடிக் காவலை எடுத்துவிட்டோம் என்று பொருள். 1969-இல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை பூமிக்கடியில் நுழைந்திருந்த கடல், 1983-இல் சுமார் 7 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் கிணறு தோண்டுவதற்கும் நிலத்தடி நீரை ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி வேண்டுமென்று 1987-இல் சட்டம் வந்தது. என் வீட்டில் துளை போட்டவர் "பாத்துக்கறோம்" என்றது அந்த அனுமதியைத்தான். மீஞ்சூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் 2010-இல் ஓர் ஆலையைத் திறந்தார்கள். கடல் நீரிலிருந்து உப்பைப் பிரித்து நாள்தோறும் 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்கான ஆலை. கூலி வாங்காமல் கடலைத் தடுத்து நிறுத்திய நல்ல தண்ணீரை எடுத்துவிட்டோம். அதே கடலோரத்தில் இப்போது மின்சாரத்தைக் கொட்டி உப்பைப் பிரிக்கிறோம்.

இதைக் கேட்டால் உழவர்களைச் சாடுவதற்கு நகரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். 1990 முதல் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம், அதனால்தான் இரவும் பகலும் இறைக்கிறார்கள் என்பார்கள். யூரியாவை அள்ளிக் கொட்டுகிறார்கள் என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. பயிர் தின்றது போக மிஞ்சிய யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. களிமண்ணும் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை; மழையோடு மழையாகக் கிணற்றுக்கு இறங்கிவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாதென்பது நம் நாட்டு விதி. கூடினால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து உடல் நீலம் பாரிக்கும் என்பதை 1945-இலேயே அமெரிக்காவில் ஒரு டாக்டர் கண்டு எழுதினார். ஆனால் நகரத்துக் கொல்லைகளில் கழிவுநீர்த் தொட்டிகள் கசிகின்றனவே, அதிலிருந்து இறங்குவதும் அதே நைட்ரேட்டுதான். வயலிலிருந்து வந்ததா, மாடி வீட்டிலிருந்து வந்ததா என்று கிணறு வித்தியாசம் பார்ப்பதில்லை.

எடுப்பதைப் பற்றியே இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். கெடுப்பது அதைவிடக் கொடியது. எடுத்ததை இரண்டு நல்ல மழைக்காலங்கள் திருப்பிக் கொடுத்துவிடக்கூடும். கெடுத்தது அவ்வளவு எளிதில் திரும்பாது. பாலாற்றங்கரையிலும் திண்டுக்கல்லைச் சுற்றியும் தோல் பதனிடும் கூடங்கள் இருக்கின்றன. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பு வேண்டும். பதனிட வேறு ரசாயனங்கள் வேண்டும். எல்லாமாகச் சேர்ந்து ஆற்றிலும் மண்ணிலும் இறங்கின. 1996-இல் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தீர்ப்பளித்தபோது, தமிழ்நாட்டில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமற் போனதை எடுத்துக் காட்டியது. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் கணக்கெடுத்ததில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்ததும் அந்தத் தீர்ப்பிலேயே வருகிறது. மாசுபடுத்தியவனே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்த நாட்டின் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது அந்தத் தீர்ப்பு.

நொய்யலாற்றின் கதையும் இதற்கு உடன்பிறந்ததுதான். துணியில் சாயம் ஏறுவதற்கும் உப்பு வேண்டும். பாசனத்துக்கென்று 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். திருப்பூர்ச் சாயக் கழிவு அதில் வந்து தேங்கியது. சில வருஷங்களில், "தண்ணீரைத் திறந்து விடுங்கள்" என்று கேட்க வேண்டிய உழவர்கள், "தயவுசெய்து திறக்காதீர்கள்" என்று கேட்கும்படி ஆயிற்று. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளையே மூட உத்தரவிட்டது. மூடியபோது கூலிக்காரர்கள் தவித்தார்கள். அதுவும் ஒரு நியாயமான அழுகைதான். பட்டறைக்காரர்மீது கோபப்படுவது சுலபம். நான் அணிகிற பனியன் எந்த ஊரில் நெய்ததென்று ஒருநாளும் பார்த்ததில்லை. விலை மலிவாக இருந்ததா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். கழிவைச் சுத்தம் செய்யும் செலவை யாரோ ஒருவர் தம் கிணற்றால் கொடுத்ததால்தான் அது மலிவாக இருந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதிலுள்ள சௌகரியத்தை முன்பே சொன்னேன்.

பூமிக்கடியில் நீர் நடக்கும் நடை மிகவும் மெதுவானது. இன்று இந்தக் கொல்லையில் இறங்கிய விஷம் ஊர்க்கோடிக் கிணற்றுக்குப் போய்ச் சேர வருஷங்கள் ஆகலாம். போட்டவன் அதற்குள் வீட்டை விற்றுவிட்டுப் போயிருப்பான், அல்லது காலமாகியிருப்பான். குடிப்பவன் இன்னும் பிறந்தே இருக்க மாட்டான். தீங்கு செய்தவனும் தீங்கை அனுபவிப்பவனும் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாத ஒரு குற்றம் இது. நம் மனச்சாட்சி, முகத்தைப் பார்த்து வளர்ந்தது; அழுகிற குழந்தையைப் பார்த்தால் உருகும், நீளுகிற கயிற்றைக் கண்டால் உருகப் பழகவில்லை.

இதையெல்லாம் என் வக்கீல் நண்பரிடம் மறுபடியும் ஒருநாள் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார்: "சரி, நீ மோட்டாரை நிறுத்திவிடு. உன் தெருக்கோடியில் முப்பது குடித்தனம் உள்ள கட்டடம் இருக்கிறது. நீ விட்டுவைத்த தண்ணீரை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அந்த அம்மாளின் கயிறு ஒரு முடிச்சாவது மேலே வருமா? பிரயோஜனமில்லாத தியாகத்துக்குத் தர்மம் என்று பெயரா?"

இதற்குச் சட்டென்று பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொள்வதால் பொதுவான பாத்திரம் நிறைவதில்லை. திருவள்ளூர்க்காரர் "அவரும்தான் விக்கிறாரு" என்றது இதே நியாயத்தைத்தான். எல்லோரும் எடுக்கிறபோது எடுக்காதவன் முட்டாளாகிறான். எல்லோரும் முட்டாளாக விரும்பாததால் எல்லோரும் வறண்டுபோகிறோம்.

பல நாள் யோசித்த பிறகு எனக்கு நம் ஊர் நீர்க்கட்டியின் ஞாபகம் வந்தது. ஏரிப் பாசனம் உள்ள கிராமங்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். எந்த வயலுக்கு எத்தனை நேரம் என்று மடை திறந்து விடுவது அவர் வேலை. ஊரார் எல்லோரும் சேர்ந்து அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். நம் பாட்டன்மார் எல்லோரும் தியாகிகளாக இருந்ததால் தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்று எண்ணக் கூடாது. அவர்களிலும் பேராசைக்காரர்கள் இருந்தார்கள். மடைத் தகராறில் மண்டை உடைந்திருக்கிறது. அதனால்தான் பங்கீட்டை அவரவர் நல்ல மனசுக்கு விட்டுவிடாமல் ஓர் ஏற்பாடாகச் செய்துகொண்டார்கள். ஏரி எல்லோருக்கும் தெரிந்தது. எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரிந்தது. ஆகவே ஏற்பாடு செய்ய முடிந்தது. பூமிக்கடியில் இருக்கும் ஏரிக்கு நாம் இன்னும் நீர்க்கட்டி வைக்கவில்லை.

வைத்தவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கடலோரத்தில் மீஞ்சூரின் கதை அப்படியே நடந்தது. நகரசபைகளும் தொழிற்சாலைகளும் போட்டி போட்டு இறைத்தன. கடல் உள்ளே வந்தது. 1945-இல் ஒருவர்மீது ஒருவர் வழக்குப் போட்டார்கள். வழக்கு நடக்கும்போதே உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதை அளந்து எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார்கள். ஒவ்வொருவரும் குறைத்துக்கொள்வதென்று 1955-இல் ஓர் உடன்பாடு, 1961-இல் இறுதித் தீர்ப்பு. கடற்கரை நெடுகக் கிணறுகள் தோண்டி நல்ல தண்ணீரை உள்ளே செலுத்தி, கடலுக்கு ஒரு தடுப்பும் போட்டார்கள். எலினார் ஆஸ்ட்ரம் என்ற பெண்மணி இதைப் பக்கத்திலிருந்து கவனித்து 1965-இல் தம் ஆராய்ச்சியை எழுதினார். பொதுச் சொத்தை அதை அனுபவிப்பவர்களே கூடிக் காப்பாற்ற முடியும் என்று வாழ்நாள் முழுவதும் எடுத்துச் சொன்னார். 2009-இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

அவ்வளவு தூரம் போவானேன்? மகாராஷ்டிரத்தில் ஹிவ்ரே பஜார் என்று ஒரு சிற்றூர். மழை குறைந்த, வறட்சியில் அடிபட்ட பிரதேசம். அங்கே கிராம சபை கூடி, பெய்த மழை எவ்வளவு, ஊறியது எவ்வளவு என்று வருஷா வருஷம் தண்ணீருக்கு வரவு செலவு போடுகிறார்கள். அதற்குத் தக்கபடிதான் பயிர். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது. கரும்பும் வாழையும் கூடாது. இதை யாரும் டில்லியிலிருந்து சொல்லவில்லை. அவர்களே கூடி, அவர்களே தங்களுக்கு விதித்துக்கொண்டார்கள்.

நம் மாநிலத்திலும் 2003-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று இயற்றினார்கள். பத்து வருஷம் கழித்து, 2013-இல், அதை ரத்தும் செய்துவிட்டார்கள். சட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை; கட்டாயம் வேண்டும். ஆனால் ஓர் ஏற்பாடு எங்கே தொடங்குகிறது? யாராவது ஒருவர் பக்கத்து வீட்டுக்குப் போய், "என் மோட்டார் ஓடும்போது உங்கள் கிணறு இறங்குகிறது" என்று ஒப்புக்கொள்ளும் இடத்தில் தொடங்குகிறது. என் நண்பரின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். தனி மனிதனின் மனச்சாட்சி கிணற்றை நிரப்பாது. அது இல்லாமல் யாரும் கூட்டம் கூட்டவும் மாட்டார்கள்.

நான் கூட்டிய கூட்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. தெருவில் எட்டு வீடுகளுக்குப் போனேன். ஒரே நேரத்தில் எல்லா மோட்டாரும் ஓட வேண்டாம், வேளை பிரித்துக்கொள்வோம், கூரைத் தண்ணீரை மண்ணில் இறக்குவோம் என்று கேட்டுக்கொண்டேன். மூன்று வீட்டார் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு வீட்டார் சிரித்தார்கள். மற்றவர்கள், "முதலில் அந்தக் கோடிக் கட்டடத்துக்காரர்களிடம் சொல்லுங்கள்" என்றார்கள். சொன்னேன். சங்கத்தில் வைத்துப் பேசுகிறோம் என்றார்கள். சில வருஷம் கழித்து, காரியதரிசி மாறிய பிறகு, உண்மையாகவே பேசினார்கள். அவர்கள் மாடி பெரிது; அதில் விழும் மழையும் பெரிது. அது இப்போது மண்ணுக்குள் போகிறது.

என் வீட்டில் காருக்கு இரண்டு சக்கரம் படும் அளவுக்குச் சிமெண்டை விட்டுவிட்டு மீதியைப் பெயர்த்தேன். மழைக்காலத்தில் சேறு மிதிக்க வேண்டியிருக்கிறது. மாடித் தண்ணீரை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. என் கிணற்றைத்தான் தூர்த்துவிட்டேனே! அடுத்த வீட்டு அம்மாளிடம் போய், மணலும் ஜல்லியும் போட்டு வடிகட்டி, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மீதியை உங்கள் கிணற்றில் விடட்டுமா என்று கேட்டேன். அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"உங்க வீட்டு மழை தம்பி. எங்க கிணத்துக்கு எதுக்கு?"

"உங்க கிணத்துத் தண்ணியைத்தானேம்மா நான் எடுத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். அதற்கு முன் அந்த வாக்கியத்தை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன பிறகு மனசு கொஞ்சம் லேசாயிற்று.

கடன் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. மோட்டார் இன்றைக்கும் ஓடுகிறது. நான் இன்றைக்கும் குளிக்கிறேன், லாரி வந்தால் வாங்குகிறேன், மலிவான பனியன் உடுத்துகிறேன். சட்டம் இன்றைக்கும் என் பக்கந்தான். ஆனால் தெரியாது என்று சொல்லிக்கொள்ளும் சௌகரியம் எனக்குப் போய்விட்டது. ஒவ்வொரு சித்திரையிலும் அவர் வீட்டுக்குப் போய் ராட்டினத்தடியில் நின்று ஒரு வாளி இறைத்துக் கொடுப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். கயிறு என் உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு இறங்கும்போது முடிச்சுகளை எண்ணுகிறேன்.

சென்ற வருஷம் நாலாவது முடிச்சில் வாளி தண்ணீரைத் தொட்டது.